உள்பக்கம் திருப்பிய பாலிசி

என் தம்பி மனைவியை வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் செக்கர் என்றுதான் கூப்பிடுவோம். சட்டை தைக்கும் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் செக்கிங் மேஜையில் நின்றவள். லைனிலிருந்து தைத்து வரும் சட்டையை மேஜையில் போட்டதும் அவள் கை செய்கிற முதல் வேலை, அதை உள்பக்கம் திருப்புவதுதான். அக்குள் தையல், தோள் தையல், காலருக்கு அடியில், பட்டனுக்குப் பின்னால் என்று விரலும் கண்ணும் சேர்ந்து ஓடும். தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுப்பாள்.

"வெளிப்பக்கம் பாக்குறதுக்கு வாங்குறவங்க இருக்காங்க அண்ணி. எனக்குச் சம்பளமே உள்பக்கம் பாக்கத்தான்" என்பாள்.

வேலை நேரம் முடிந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் நீட்டினார். அவர் பாக்கெட் ஓரத்தில் தொங்கிய நூலைத் தன் பையிலிருந்த குட்டிக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் டிக்கெட்டை வாங்கினாள். அந்த மனுஷன் பயந்து இரண்டு அடி பின்னால் போய்விட்டார்.

எனக்குத் தம்பி மனைவி ஆனது பிறகுதான். அதற்கு முன்பே அவள் சொந்தம். என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருந்தார், லாரி ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர். அவருக்கு மூன்று பெண்கள். மூத்தது கைக்குழந்தையிலேயே போய்விட்டது. நடுவில் பிறந்தவள் செக்கர். ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள் வெளிநாட்டில் இருக்கிறாள், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்த வருடம் போய்விட்டார்கள். ஆக, அந்த வீட்டில் மிச்சம் இந்த அக்காவும் தங்கையும்தான். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், கையெழுத்துப் போட வேறு ஆள் கிடையாது என்பது புரிய வேண்டும்.

தங்கை கணவரை இழந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன வருடக் கடைசியில் ஒருநாள் போன் செய்தாள். கூட வேலை பார்க்கிறவரின் அண்ணன், பஸ் ஓட்டுகிறவர், நல்ல மனிதர், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்களாம். பதிவு ஆபீசில்தான். ஆளுக்கு ஒரு சாட்சி வேண்டுமாம்.

"முதல் கல்யாணத்துக்குத்தான் நீ வரலக்கா. ஷிப்மெண்ட்டு ஷிப்மெண்ட்டுன்னு சொல்லிட்ட. இதுக்கும் வரலன்னா நான் யாரை என் ஆளுன்னு காட்டுறது? ரோட்டுல போறவரையா?"

செக்கர் அப்போதே சொல்லிவிட்டாள். "தேதியச் சொல்லு. வரேன்."

சொன்னது சுலபம். ஆனால் அவள் நெஞ்சில், ரத்தக்குழாய் அடைப்புக்கு வைத்த ஸ்டென்ட் ஒன்று இருந்தது.

அந்தக் கதை அதற்கு இரண்டு வருடம் முந்தியது. காலையில் வேலைக்குப் போகும்போதே நெஞ்சு அழுத்தியிருக்கிறது. இருநூறு பீஸ் பாக்கி, சாயங்காலம் லாரி கிளம்ப வேண்டும் என்று வாயே திறக்காமல் நின்று முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு, அரிசி களையும்போது விழுந்தாள். ஆஸ்பத்திரியில் அவளைப் பிழைக்க வைத்த டாக்டர், கண் விழித்ததும் கோபமாகத்தான் பேசினார். "உங்க நோய் ரத்தக்குழாயில மட்டும் இல்லம்மா, வாயிலயும் இருக்கு. வலிச்சா வாயத் திறங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்." என் தம்பி அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுத அழுகையை நான் என் அப்பா இறந்த அன்றுகூடப் பார்க்கவில்லை.

தம்பி பார்சல் வேன் ஓட்டுகிறவன். அவனுக்கு உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் ஒரே மருந்துதான்: "எனக்கு ஒரு ஆளத் தெரியும்." வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஒரு ஆளைத் தெரிந்திருந்தது. அவனோடு ஆறாம் வகுப்பு படித்தவர், இப்போது டிராவல்ஸ் வைத்திருக்கிறார். விசாவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் காகிதம் கட்டாயம் என்று அவர் சொல்ல, தம்பி டிக்கெட், இன்சூரன்ஸ் இரண்டையும் ஒரே நாளில் முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜம்பமாக வந்து இறங்கினான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"பாருக்கா, ராஜா மாதிரி முடிச்சிட்டேன்" என்று பிளாஸ்டிக் உறையை மேஜையில் போட்டான்.

செக்கர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டாள். முதல் பக்கத்தில் ஒரு குடும்பம் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. காகிதக் கட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

தம்பி சிரித்தான். "அது சட்டை இல்லம்மா, பாலிசி."

அவள் விரல் வரி வரியாக இறங்கியது. கடைசிக்கு முந்தின பக்கத்தில் விரல் நின்றது. எழுந்து போய் வேலைப் பையிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து வந்து ஒன்றை ஒட்டினாள். ஒட்டிவிட்டுக் காகிதத்தைத் தம்பி பக்கம் நகர்த்தினாள்.

அங்கே ஒரு கேள்வி. இதய நோய்க்காக எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா? பக்கத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக். கீழே அவள் கையெழுத்து.

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இது எப்ப வாங்கினீங்க எங்கிட்ட?"

"கம்பெனி பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தியே, அன்னைக்கு..."

"விசாவுக்குன்னு சொன்னீங்க."

"விசாவுக்குத்தானே?"

"வெறும் கட்டமா இருந்துச்சு. நான் பாக்காம போட்டேன்." தன்னையே திட்டிக்கொள்கிற குரலில் சொன்னாள். "இருபத்தெட்டு வருஷத்துல ஒரு பீஸ் பாக்காம விட்டதில்ல. இதை விட்டுட்டேன் பாருங்க அண்ணி. வாசல்ல நின்னு, உங்க தம்பி முதுகு மேல வச்சுக் கையெழுத்து. என்ன செக்கர் நான்?"

தம்பி என்னைப் பார்த்தான். அவன் பக்கம் பேசவும் எனக்கு விருப்பமில்லை, அவனை மாட்டிவிடவும் மனம் வரவில்லை.

"உண்மையச் சொன்னா தரவே மாட்டாங்களாம்மா. அவன்தான் சொன்னான். எல்லாரும் இப்படித்தான் போடுறாங்களாம். பாலிசி இல்லன்னா விசா இல்ல, விசா இல்லன்னா நீ போக முடியாது. அப்புறம் மூணு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்ப. உனக்காகத்தான் செஞ்சேன்."

"சரி. அங்க போனதும் எனக்கு நெஞ்சு வலிச்சா?"

"வலிக்காது."

"வலிச்சா?"

"நல்ல வார்த்தையாப் பேசேன்!"

"நான் சொல்றேன் கேளுங்க. இந்தப் பேப்பரைப் பையில வச்சுக்கிட்டு எனக்கு வலிச்சா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஏன்னா சொன்னா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னா இந்த இன்சூரன்ஸ்காரங்க பொய்யின்னு கண்டுபிடிப்பாங்க, ஒத்தப் பைசா தரமாட்டாங்க, தங்கச்சி அவ இருக்குற வீட்டை வித்துத்தான் கட்டணும். கல்யாணத்துக்குப் போயிட்டு அவ வீட்டை விக்க வைக்கவா? அதனால வாய மூடிட்டு இருப்பேன். அன்னைக்கு மாதிரி."

அந்தக் கடைசி வார்த்தையில் தம்பி உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த தண்ணீர்ச் சொம்பைத் திருப்பித் திருப்பி வைத்தான். பிறகு, "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

"ரிஜெக்ட்" என்றாள். "திருப்பிக் குடுக்கணும்."

மறுநாள் மூன்று பேரும் டிராவல்ஸுக்குப் போனோம். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே குறுகலான மாடி. ஏறும்போதே கீழே மெஷின் ஓடுகிற சூடு காலில் அடித்தது. சுவர் முழுக்க விமானப் படம். டிராவல்ஸ்காரர் செக்கரைப் பார்த்ததும், "வாங்க வாங்க, வெளிநாட்டுக்காரம்மா!" என்றார்.

"இன்னும் ஆகல. அதுக்கு நீங்கதான் தடையா இருக்கீங்க" என்றாள்.

கட்டத்தைக் காட்டினோம். அவர் தலையைச் சொறிந்தார். "அம்மா, இதெல்லாம் ஒரு சம்பிரதாயம். யாரும் படிக்கிறதில்ல."

"க்ளெய்ம் வர்ற அன்னைக்கு அவங்க படிப்பாங்கல்ல?"

"அது... படிப்பாங்க."

"அப்ப நானும் இன்னைக்கே படிச்சிடுறேன். பயணம் இன்னும் தொடங்கல. தொடங்குறதுக்கு முன்னாடி ரத்து பண்ணலாம்னு பன்னிரண்டாம் பக்கத்துல போட்டிருக்கு."

அவர் தன் பிரதியை எடுத்துப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடினார். இருந்தது. தம்பியைப் பார்த்து மெதுவாக, "ஏண்டா, சொல்ல மாட்டியா, இப்படிப்பட்டவங்கன்னு?" என்றார்.

"செக்கர்னு சொன்னேனே."

"ரயில்வேன்னு நினைச்சேன்டா!"

அவள் வேறு மூன்று கம்பெனி பாலிசிகளைக் கேட்டாள். விளம்பரத் தாளை நீட்டினார். இது வேண்டாம், முழு நிபந்தனையும் உள்ள கட்டு வேண்டும், நம் மொழியில் வேண்டும் என்றாள். பதினைந்து வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். கம்ப்யூட்டரில் தேடியபோது மூன்றும் நம் மொழியிலேயே இருந்தன. கீழே ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அன்று நல்ல வியாபாரம்.

அடுத்த ஒரு வாரம் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜை செக்கிங் மேஜை ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்து, தேநீர் குடித்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் இருக்கும்வரை படிப்பாள். பெரிய எழுத்தை விட்டுவிடுவாள். 'கீழ்க்கண்டவற்றுக்குப் பொருந்தாது' என்று எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காருவாள். முதல் பாலிசியில் இதயம் என்ற சொல் வருகிற இடமெல்லாம் கதவை அடைத்திருந்தது. அது மேஜையின் இடது பக்கம் போனது. அவர்கள் கம்பெனியில் இடது பக்கம் என்றால் கழித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும் என்றது. அதுவும் இடது பக்கம்.

மூன்றாவதில் கொஞ்சம் கூடக் கட்டணம். ஆனால் நோயைச் சொல்லிவிட்டு வாங்கலாம்; திடீரென்று நெஞ்சுக்கு ஏதாவது வந்தால் பார்ப்பார்கள்; முதலில் ஒரு சின்னத் தொகை நம் கையிலிருந்து போகும். டாக்டர் கடிதம் வேண்டும். கடந்த தொண்ணூறு நாளில் மருந்தின் அளவு மாறியிருக்கக் கூடாது.

"இது தேறும்" என்றாள். தம்பி எழுந்து நின்று கை தட்டினான்.

"உக்காருங்க. இன்னும் முடியல." தன் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வரிசையாகப் பரப்பினாள். எழுபது நாளுக்கு முந்திய சீட்டில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள். அதுவரை ஒரு மாத்திரை என்று எழுதியிருந்தது, அன்றிலிருந்து இரண்டு மாத்திரை என்று மாறியிருந்தது.

எங்களுக்குத்தான் தெரியும் அந்தக் கூத்து. மருந்துக் கடையில் ஐம்பது மில்லிகிராம் மாத்திரை இல்லை, இருபத்தைந்துதான் இருக்கிறது என்றார்கள். தம்பி அதை வாங்கி வந்தான். அப்படியே எழுதிக் கொடுங்கள், கடையில் சண்டை வேண்டாம் என்று இவளே டாக்டரிடம் சொல்லி இரண்டு இருபத்தைந்து என்று எழுதி வாங்கினாள். அளவு ஒன்றுதான். காகிதத்தில் பார்த்தால் மருந்து இரட்டிப்பான மாதிரி இருந்தது.

"இதை யாரு பாக்கப் போறா?" என்றான் தம்பி, பழக்க தோஷத்தில்.

"நான் பாத்துட்டேனே. அப்புறம் அங்க ஒரு செக்கர் இருக்க மாட்டாங்களா?"

டாக்டரிடம் போனாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். மாத்திரையின் எண்ணிக்கைதான் மாறியது, அளவு மாறவில்லை, கடையில் கிடைக்காததே காரணம், உடல்நிலை சீராக இருக்கிறது, பயணம் செய்யலாம் என்று தெளிவாகக் கடிதம் எழுதினார். கடிதத்தை வாங்கியவள் அவர் முன்னாலேயே பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி ஒண்ணும் எழுதலம்மா, நம்புங்க" என்றார். ஆனால் முன்பக்கத்தில் தேதி போட மறந்திருந்தார். போட்டுக் கொடுத்தார்.

இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நானும் துணைக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் வீட்டில் யாருக்கெல்லாம் இதய நோய் என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொன்னேன். இவளுடைய பெரியப்பா, அவர் மகன்களில் நடுவில் உள்ளவன், அம்மா வழியில் சித்தி ஒருத்தி, அந்தச் சித்தியின் கொழுந்தனார் என்று நான் போய்க்கொண்டிருக்க, அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பாட்டி, கொழுந்தனாருக்கு வந்தா இவங்களுக்கு வராது."

"தெரிஞ்சு வச்சுக்கம்மா, நல்ல மனுஷன்" என்றேன்.

செக்கர் பயண நாள்களைத் தானே எண்ணிச் சொன்னாள். டிராவல்ஸ்காரர் முப்பது நாள் போட்டிருந்தார். போகிற நாளையும் திரும்பி வருகிற நாளையும் சேர்த்தால் முப்பத்தொன்று. "கடைசி நாள் ஆகாயத்துல இருக்கும்போது நான் யாரு பொறுப்பு?" என்று கேட்டாள். ஒரு நாள் கூட்டிப் போட்டார்கள். ஸ்டென்ட் இருப்பது தெரிந்தேதான் ஏற்றுக்கொள்கிறோம் என்பதை எழுத்தில் கேட்டாள். வந்தது. ஏற்கனவே நோய் உண்டா என்ற கட்டத்தில், 'ஆம்' என்ற இடத்தில், அவளே டிக் போட்டாள். வீட்டுக்கு வந்து, தேறிய பீஸ் போகிற வலது பக்கம் அதை வைத்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஷிப்மெண்ட் கிளம்பிய மாதிரி இருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி என்றாள். பாலிசியில் அவசரத்துக்கு ஒரு போன் எண் இருந்தது. அந்த எண்ணுக்குத் தம்பியைப் போன் போடச் சொன்னாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க சார், என்ன எமர்ஜென்சி?"

தம்பி திருதிருவென்று விழித்தான். "ஒண்ணும் இல்லம்மா... நீங்க எடுக்குறீங்களான்னு பாத்தோம்."

விசா வந்தது. விமானமும் ஏறினாள். அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைப் பாஸ்போர்ட்டின் பின் அட்டையில் ஒட்டி, அதன்மேல் அந்த எண்ணை எழுதிக்கொண்டு போனாள். ஒரு நகல் தம்பியின் வேனில், ஒன்று என்னிடம்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், இங்கே நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. செக்கர்தான்.

"அண்ணி, பயப்படாதீங்க. ஆஸ்பத்திரியில இருக்கேன்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "என்னடியம்மா?"

"காலைல எழுந்து பல் தேய்க்கும்போது நெஞ்சுல இந்தப் பக்கம் பிடிச்சுச்சு. ரெண்டு நிமிஷம்கூட நான் நிக்கல அண்ணி. பிரஷ்ஷோடவே போய்த் தங்கச்சிகிட்ட வலிக்குதுன்னு சொல்லிட்டேன். அவ அழ ஆரம்பிச்சா. நான்தான் நம்பரைச் சொல்லி, போன் பண்ணுன்னேன். அவங்களே ஆஸ்பத்திரி சொல்லி, வண்டியும் அனுப்பினாங்க."

"இப்ப எப்படி இருக்கு?"

"எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டாங்க. இதயம் கல்லு மாதிரி நல்லா இருக்காம். பெட்டிய நானே அலமாரி மேல தூக்கி வச்சேன்ல, அதுல சதை பிடிச்சிருக்கு. சாயங்காலம் அனுப்பிடுவாங்க. உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க. வண்டி ஓட்டிட்டு இருந்தா சொல்லாதீங்க, நிறுத்தச் சொல்லிட்டுச் சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். தம்பி வேனை ஓரம் கட்டிவிட்டுத்தான் கேட்டான். சதைப் பிடிப்பு என்று இரண்டு முறை சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அக்கா, அவளே சொன்னாளா? வலிக்குதுன்னு அவ வாயாலயே சொன்னாளா?"

"பிரஷ்ஷோட போய்ச் சொல்லியிருக்கா."

 போனில் அவனுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அந்தப் பாலிசிக்கு இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தாலும் குடுத்திருக்கலாம்க்கா" என்றான்.

ஆஸ்பத்திரிக்கு இவள் கட்டியது அந்தச் சின்னத் தொகை மட்டும்தான். அதுவும் எவ்வளவு என்று அங்கே சொல்வதற்கு முன்பே எண்ணிக் கையில் வைத்திருந்தாளாம்.

இரண்டு நாள் கழித்துப் பதிவு ஆபீஸில் கல்யாணம். தங்கை வீடியோவில் எங்களுக்குக் காட்டினாள். சின்ன அறை, நீள மேஜை, ஜன்னலோரம் ஒரு பூச்செடி. மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர் என்பது நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது, யாரோ ஏறட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி. அவர் பக்கத்துச் சாட்சி வந்தார், காட்டிய இடத்தில் சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்து நம் ஆள். அதிகாரியம்மா பேனாவை நீட்டி, சிரித்துக்கொண்டே இடத்தைக் காட்டினார்.

செக்கர் பேனாவை வாங்கவில்லை. கண்ணாடியைப் போட்டாள். காகிதத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இது என் கல்யாணம்க்கா!" என்று தங்கை கத்துவது எங்களுக்கு இங்கே கேட்டது.

"அதனாலதான் பாக்குறேன்" என்றாள் அவள். "சும்மா இரு."

மாப்பிள்ளைக்குப் பேச்சுப் புரியவில்லை. ஆனாலும் நேராக நிமிர்ந்து நின்றார், தன்னைத்தான் சோதிக்கிறார்கள் என்பது போல. பின்னால் அடுத்த ஜோடி காத்திருந்தது. அவள் கடைசி வரிவரை போய்விட்டு, முன்பக்கம் திருப்பி, தங்கையின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, பிறகு பேனாவுக்குக் கையை நீட்டினாள்.